டீசல் பிக்கப்பில் டர்போ சீக்கிரம் பிடிக்க: எதை முதலில் பார்ப்பது, எதில் காசு போடுவது

டீசல் பிக்கப் வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் கேள்வி இது: "மிதிச்ச உடனே இழுக்க மாட்டேங்குது, கொஞ்சம் கழிச்சுத்தான் டர்போ பிடிக்குது. என்ன பண்ணலாம்?" கேட்ட இடத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ரீமேப் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுவது), இல்லையென்றால் பெடல் பாக்ஸ் (பெடல் சிக்னலைக் கூட்டிக் காட்டும் கருவி), அதுவும் இல்லையென்றால் பெரிய சைலன்சர். இந்த மூன்றையும் கடைசிக்குத் தள்ளுங்கள். நாலைந்து வருடம் ஓடிய வண்டியில் கம்பெனி கொடுத்த இழுவையே முழுதாக இருக்காது. ஹோஸிலோ, பேக்கிங்கிலோ, ஒரு சின்ன வேக்கம் (வெற்றிட உறிஞ்சல்) குழாயிலோ அது கசிந்துகொண்டிருக்கும். முதலில் அதை மீட்போம். அதற்கு மேல் வேண்டுமா என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

இங்கே சொல்வது நம் சாலைகளில் ஓடும் பொலேரோ பிக்கப், இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளை மனதில் வைத்து. அடிப்படை எல்லா டர்போ டீசலுக்கும் ஒன்றுதான்.

தாமதம் எங்கே பிறக்கிறது

பெட்ரோல் இன்ஜினில் பெடலை மிதித்தால் காற்றுக்கு வழி திறக்கும். டீசலில் உங்கள் கால் கேட்பது டீசலை. ஆனால் கேட்டதை ஈசியு (இன்ஜினின் கணினி) அப்படியே கொடுத்துவிடாது. சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று சென்சாரில் பார்த்து, கரும்புகை வராத அளவுக்குத்தான் கொடுக்கும். அந்த டீசல் எரிந்து வரும் சூடான புகை டர்பைனைச் சுழற்றும், அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும், காற்று கூடியதும் ஈசியு இன்னும் கொஞ்சம் டீசல் விடும். லோடில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுற்றும். அந்த வேகத்துக்கு அது ஏறிவர எடுக்கும் நேரத்தைத்தான் டர்போ லேக் என்கிறோம்.

ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். டர்போ எழும்பவே முடியாத ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) மிதித்துவிட்டு லேக் என்று சொல்லக் கூடாது. 2.5 லிட்டர் வி-கிராஸ் தன் 320 என்எம் (நியூட்டன் மீட்டர்) டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, 1800 முதல் 2800 ஆர்பிஎம் வரை தருகிறது. பிறகு வந்த 1.9 லிட்டர் இன்ஜினில் 360 என்எம், ஆனால் அது 2000 முதல் 2500 வரைதான். நாலாவது கியரில் 1300 ஆர்பிஎம்மில் அந்த வண்டியை மிதித்தால் அசையாமல்தான் இருக்கும். அது பழுது இல்லை. 2.8 லிட்டர் ஹைலக்ஸ் மேனுவலில் 420 என்எம் 1400-லேயே தொடங்கிவிடுவதால் அதே இடத்தில் அது இழுக்கும். உங்கள் வண்டியின் டார்க் எந்த ஆர்பிஎம்மில் தொடங்குகிறது என்று கையேட்டில் பார்த்து வையுங்கள். அதற்கு மேலே போயும் டர்போ பிடிக்கத் தாமதமானால்தான் தேட வேண்டும்.

மலைக்குப் போனால் இன்னொரு கணக்கும் உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ எழும்பிய பிறகு இந்தக் குறையை ஓரளவு சரிக்கட்டிவிடும். எழும்புவதற்கு முன் வண்டி சோம்பலாகத்தான் இருக்கும். மேட்டுப்பாளையத்தில் நன்றாக இழுத்த வண்டி குன்னூருக்கு மேலே கொஞ்சம் மந்தமானால் உடனே பட்டறையைத் தேட வேண்டாம்.

முதலில் அளந்து வையுங்கள்

எதையும் கழற்றும் முன் இப்போதைய நிலையைப் பதிவு செய்யுங்கள். ஆள் நடமாட்டமும் போக்குவரத்தும் இல்லாத ஒரு நேர்ச் சாலை, மூன்றாவது கியர், 1500 ஆர்பிஎம். பெடலை முழுதாக மிதித்து 3000 வரும் வரை பக்கத்தில் இருப்பவர் மீட்டரை மொபைலில் வீடியோ எடுக்கட்டும். அதே சாலை, அதே திசை, அதே லோடு. பிறகு வீடியோவைப் பார்த்து நொடிகளை எண்ணிக்கொள்ளலாம். ஒவ்வொரு வேலை முடிந்த பிறகும் இதையே திரும்பச் செய்தால் எது பலன் தந்தது என்று சந்தேகமில்லாமல் தெரியும். ஒரே நாளில் நாலு வேலை செய்துவிட்டால் தெரியாது.

ஓபிடி சாக்கெட் (ஈசியுவைப் படிக்கும் கருவியை மாட்டும் இடம்) உள்ள வண்டி என்றால் ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்குங்கள். இந்த வேலைக்கு அதைவிட உருப்படியான செலவு இல்லை. சாவியை ஆனில் வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) அளவைப் பாருங்கள். சென்னையில் 100 கிலோபாஸ்கல் அளவில் இருக்க வேண்டும், ஊட்டியில் 77-ஐ ஒட்டி. இன்ஜின் நிற்கும்போதே 115, 120 என்று காட்டினால் சென்சாரில் கரி படிந்திருக்கிறது, அல்லது சென்சாரே போய்விட்டது. ஓட்டும்போது வரும் எண்ணிலிருந்து 100-ஐ (ஊட்டியில் 77-ஐ) கழித்தால் டர்போ கொடுக்கும் அழுத்தம் கிடைக்கும். 255-க்கு மேல் எண் ஏறவில்லை என்று பயப்படாதீர்கள். பொதுவான ஓபிடி முறையில் இந்த அளவுக்கு ஒதுக்கிய இடமே அவ்வளவுதான்.

ஸ்கேனரும் ஆப்பும் உங்கள் வண்டிக்கு ஒத்துவந்தால், ஈசியு கேட்கும் அழுத்தத்தையும் கிடைக்கும் அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறினால் டர்போ பக்கம் பழுது இல்லை. கேட்டது ஏறிப்போய், கிடைப்பது பின்தங்கி வந்தால் கீழே உள்ள படிகள் உங்களுக்குத்தான்.

கை அழுக்காகாத வேலைகள்

ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். செங்கல் சூளை, குவாரி, மண் ரோடு பக்கம் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருக்கக் கூடாது. ஃபில்டர் பெட்டிக்குக் காற்று வரும் குழாயில் இலைச் சருகோ துணியோ எலிக்கூடோ அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். டீசல் ஃபில்டரை மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று யோசியுங்கள், அடியில் தேங்கும் தண்ணீரை வடியுங்கள். பிறகு சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்து பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். டர்போவைக் குறை சொல்லிக் கொண்டுவரும் வண்டியில் சில சமயம் பின் டிரம் பிரேக்தான் வில்லன்.

கிளட்ச் வழுக்கினால் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. டர்போ லேக் என்றால் இரண்டுமே ஏறாது. இந்த ஒரு அடையாளம் போதும், இரண்டையும் பிரித்துவிடலாம்.

காற்றுக் கசிவு: முக்கியமான படி

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (அழுத்திய காற்றைக் குளிரவைப்பது) ஒரு குழாய், இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்கு இன்னொன்று. ரப்பர் ஹோஸ், கிளாம்ப், பிளாஸ்டிக் மூலைகள் என்று கசிய இடம் நிறைய. நெடுஞ்சாலையில் 2800 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒரு சின்ன ஓட்டை பெரிதாகத் தெரியாது. டர்போ ஏராளமாகக் காற்று தள்ளுவதால் போனது போக மீதி போதும். 1700 ஆர்பிஎம்மில் அப்படியில்லை. டர்போ தருவதே கொஞ்சம், ஓட்டை தின்பதோ அதில் பெரும் பங்கு. அதனால்தான் கசிவு முதலில் லேக் ஆகத் தெரிகிறது, மேல் ஆர்பிஎம்மில் வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று ஓட்டுபவரும் விட்டுவிடுகிறார். கேட்ட அழுத்தம் வரவில்லை என்று ஈசியு டர்போவை மேலும் விரட்டும். தன் அளவுக்கு மீறிச் சுற்றும் டர்போவின் ஆயுள் குறையும். சில நூறு ரூபாய் கிளாம்பைக் கவனிக்காமல் விட்டு டர்போவையே மாற்றும் நிலை இப்படித்தான் வருகிறது.

முதலில் கண்ணால் பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் டார்ச் அடியுங்கள். எண்ணெய் கலந்த தூசி ஓரிடத்தில் மட்டும் ஈரமாகப் படிந்திருந்தால் அங்கே காற்று வெளியேறுகிறது. ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். எங்காவது உரசும் இடத்தில் தேய்ந்து ஓட்டையாவதும் உண்டு. இன்டர்கூலரின் இரண்டு ஓரத்திலும் அலுமினியத்தோடு பிளாஸ்டிக் சேரும் கோட்டைத் தவறாமல் பாருங்கள். குழாய்க்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் பயம் வேண்டாம், அது பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் குழாய்) வழியாக வருவது. கவிழ்த்தால் கொட்டும் அளவுக்கு எண்ணெய் நின்றால் அது வேறு விஷயம்.

கண்ணுக்குச் சிக்காத கசிவுக்கு அழுத்தச் சோதனை. டர்போவுக்குள் காற்று நுழையும் ரப்பர் குழாயைக் கழற்றி, டர்போ வாயின் அளவுக்குப் பொருந்தும் ஒரு பிவிசி மூடியை ஹோஸ் துண்டும் கிளாம்ப்பும் வைத்து இறுக்குங்கள். மூடியில் துளை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர் உள்ள கம்ப்ரசரில் 10 பிஎஸ்ஐ கொடுத்து, சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்பிலும் தெளித்தால் கசியும் இடம் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும். 15 பிஎஸ்ஐக்கு மேல் போக வேண்டாம். மூடிக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். பிய்த்துக்கொண்டு வந்தால் அடி பலமாக விழும். பிரீதர் குழாய் சேரும் இடம் மூடிக்கு உள்பக்கம் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காற்று கிராங்க் கேஸுக்குள் (இன்ஜினின் அடிப்பகுதி) போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். திறந்திருக்கும் வால்வு வழியாகக் கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும். அழுத்தம் மெதுவாக இறங்குவதை வைத்துக் கலங்காமல், வெளியே நுரை வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

புகையும் ஒரு துப்பு தரும். காற்றை ஏர் ஃபில்டர் பக்கத்திலேயே அளக்கும் வண்டியில், அளந்த பிறகு காற்று கசிந்தால் ஈசியு ஏமாந்து டீசலை அதிகம் விடும், கரும்புகை வரும். இன்டேக் அழுத்தத்தை மட்டும் நம்பி ஓடும் வண்டியில் புகை இருக்காது. டீசலைக் குறைத்துவிடுவதால் வண்டி வெறுமனே மந்தமாக இருக்கும்.

டர்போவுக்கு முன்னால் உள்ள புகைப் பக்கத்தையும் விடக் கூடாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வெடிப்போ, பேக்கிங் போனதோ இருந்தால் டர்பைனைச் சுழற்ற வேண்டிய சூடான புகை வெளியே போய்விடும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று கேட்டுச் சூடானதும் அடங்கும் சத்தம், இணைப்பைச் சுற்றிக் கறுப்பாகப் படிந்த கரி இரண்டும் இதற்கு அடையாளம்.

ஆக்சுவேட்டரும் வேக்கம் குழாயும்

எளிய டர்போக்களில் வேஸ்ட்கேட் என்ற சின்னக் கதவு இருக்கும். அழுத்தம் அதிகமானால் புகையை டர்பைனைச் சுற்றி வெளியே விடுவது அதன் வேலை. அந்தக் கதவு முழுதாக மூடாமல் நின்றால், ஸ்பிரிங் தளர்ந்து சீக்கிரமே திறந்தால், டர்போ எழும்பத் தாமதமாகும்.

விஜிடி டர்போ வேறு மாதிரி. டர்பைனைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடுகள். குறைந்த ஆர்பிஎம்மில் அவை நெருங்கி வழியைக் குறுக்குவதால் கொஞ்சப் புகையும் வேகமாகப் பாய்ந்து டர்பைனைச் சுழற்றும். ஆர்பிஎம் ஏறியதும் விலகி வழிவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் வாயை விரலால் அழுத்திப் பிடிப்பது போலத்தான். இந்தத் தகடுகளை அசைப்பது ஒரு ஆக்சுவேட்டர். சில வண்டியில் வேக்கத்தில் இயங்கும், சிலவற்றில் மின் மோட்டாரில்.

வேக்கம் வகையாக இருந்தால் சோதனை எளிது. பானட்டைத் திறந்து வைத்து, ஆக்சுவேட்டர் தண்டைப் பார்த்தபடி இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டியில் இன்ஜின் ஓடத் தொடங்கியதும் தண்டு ஒரே இழுப்பில் உள்ளே போக வேண்டும், அணைத்ததும் திரும்பி வர வேண்டும். அசையவே இல்லை, பாதியில் நிற்கிறது, விட்டு விட்டு நகர்கிறது என்றால் விஷயம் பிடிபட்டுவிட்டது. முதல் சந்தேகம் அந்த மெல்லிய ரப்பர் குழாய்கள் மேல்தான். இன்ஜின் சூட்டில் முனைகள் விறைத்து வெடித்துவிடும். முனையை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்பச் செருகினாலே சிலது சரியாகிவிடும், ஆனால் மொத்தக் குழாயையும் மாற்றுவதுதான் நல்லது. விலை அவ்வளவு குறைவு. அடுத்து வேக்கத்தைத் திறந்து மூடும் மின் வால்வான சோலனாய்டு, அதற்கடுத்து வேக்கம் பம்ப்.

குழாயைக் கழற்றிக் கை வேக்கம் பம்பைப் போட்டு இழுத்தால் தண்டு தடையில்லாமல் போய், அங்கேயே நிற்க வேண்டும். இழுத்தபின் மெதுவாக நழுவினால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. வேக்கம் நிற்கிறது, தண்டு மட்டும் நடுவில் இறுகுகிறது என்றால் தகடுகளில் கரி. எப்போதும் 1500-க்குக் கீழே, ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு இது அதிகம் வரும். டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்வது இதில் அனுபவமுள்ள கடைக்கான வேலை.

ஒரு வேண்டுகோள். டர்போவில் இருக்கும் ஸ்டாப் ஸ்குருவையும் தண்டின் நீளத்தையும் யார் சொன்னாலும் திருகாதீர்கள். அது கம்பெனியில் காற்றோட்டத்தை அளந்து வைத்த அளவு. "கொஞ்சம் இறுக்கினா சீக்கிரம் பிடிக்கும்" என்பது உண்மையாகவே இருந்தாலும், மேல் ஆர்பிஎம்மில் அழுத்தம் எகிறி வண்டி லிம்ப் மோடுக்கு (ஈசியு சக்தியைக் குறைத்துவிடும் பாதுகாப்பு நிலை) போகும், இல்லையென்றால் டர்போ போகும்.

இஜிஆர், சென்சார், டிபிஎஃப்

பெடலை மிதித்த நொடியில் இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது) மூட வேண்டும். கரி அடைத்துப் பாதி திறந்தபடி நின்றால் நஷ்டம் இரண்டு மடங்கு: டர்பைனுக்குப் போக வேண்டிய புகை திரும்பி உள்ளே வருகிறது, சிலிண்டரில் நல்ல காற்றுக்கு இடம் குறைகிறது. வால்வைக் கழற்றி கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்துச் சுரண்டி, புது பேக்கிங் போட்டு மாட்டுங்கள். மின் மோட்டார் பகுதியில் கிளீனர் படக் கூடாது. மேப் சென்சாரையும் அப்போதே துடைத்துவிடலாம். காற்றை அளக்கும் மாஃப் சென்சாருக்கு அதற்கென்றே விற்கும் ஸ்பிரே மட்டும்தான், துணியோ விரலோ படவே கூடாது.

இஜிஆரைத் தகடு வைத்து அடைப்பது, டிபிஎஃப்பை (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) வெட்டி எடுப்பது என்று கேட்காமலே யோசனை சொல்வார்கள். வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் விற்கும் பிஎஸ்6 (புகை அளவுக்கான அரசு விதி) வண்டிகளில் இவை எல்லாம் ஈசியுவோடு பின்னியிருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் கம்பெனி அமைப்பை இப்படி மாற்ற அனுமதிப்பதில்லை. வாரண்டி, எஃப்சி, இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் சிக்கல் வரும். அதைவிட, நம் வண்டிக்குப் பின்னால் பைக்கில் வரும் குழந்தை அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறது.

டிபிஎஃப் அடைத்திருந்தால் புகை வெளியேற முடியாமல் டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் கூடும், டர்போ எழும்பாது. தினமும் நாலைந்து கிலோமீட்டர் ஓடி நிறுத்தும் வண்டிகளின் நோய் இது. கரியை எரிக்க அதற்குள் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். வாரம் ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் இருபது முப்பது நிமிடம் ஓட்டுங்கள். எரியும் வேலை நடக்கும்போது இன்ஜினை அணைக்காதீர்கள். அடிக்கடி பாதியில் அணைத்தால் எரியாத டீசல் ஆயிலில் கலந்து டிப் ஸ்டிக்கில் அளவு ஏறிக் காட்டும். அப்படிக் கண்டால் ஆயிலை உடனே மாற்ற வேண்டும், டிபிஎஃப் வண்டிக்கென்று கையேட்டில் சொன்ன தரத்தில்.

இவ்வளவும் சரியாக இருந்து இன்னும் மந்தம் என்றால் டர்போவின் தண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இயல்பு, அது ஆயில் படலத்தில் மிதப்பது. முன்னும் பின்னும் ஆட்டம் கைக்குத் தெரியக் கூடாது. டர்போவின் இறக்கை அதைச் சுற்றியுள்ள கூட்டில் (ஹவுசிங்) உரசிய தடம் இருந்தால் இனி ஓட்டாதீர்கள்.

இப்போது காசு போடலாம்

முதலில் டயர். 245/70 ஆர்16 போட்ட வண்டியில் பார்வைக்காக 265/75 ஆர்16 மாற்றினால் விட்டம் 749 மில்லிமீட்டரிலிருந்து 804-க்குப் போகிறது. எல்லா கியரும் ஏழு சதவீதம் நீளமானதற்குச் சமம், டயரின் எடை வேறு. அதை மாற்றிவிட்டு டர்போ லேக் என்று வருபவர்கள் அதிகம். கம்பெனி அளவுக்குத் திரும்புவதே அவர்களுக்கு ஆகச் சிறந்த டியூனிங்.

பெடல் பாக்ஸ் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கால்வாசி மிதிப்பதை அது ஈசியுவுக்கு அரைவாசி என்று சொல்கிறது, அவ்வளவுதான். டர்போ ஒரு நொடிகூட முன்னதாக எழும்பாது. பெடல் மந்தமாக இருப்பது மட்டுமே உங்கள் குறை என்றால் வாங்கலாம். ஆனால் லோடு ஏற்றி மேடு ஏறும்போது தெரியும் தாமதத்துக்கு அது மருந்து இல்லை.

ரீமேப் உண்மையிலேயே வேலை செய்யும். விஜிடி தகடுகளின் நிலையையும் டீசல் அளவையும் மாற்றி, டர்போவைச் சில நூறு ஆர்பிஎம் முன்னதாக எழுப்ப முடியும். ஆனால் செய்பவர் உங்கள் வண்டியில் ரீமேப்புக்கு முன்னும் பின்னும் லாக் (ஓடும்போது வரும் அளவுகளின் பதிவு) எடுக்க வேண்டும். எல்லா வண்டிக்கும் ஒரே ஃபைலை ஏற்றுபவரிடம் கொடுக்காதீர்கள். கரும்புகை விட்டு வருகிற இழுவை நல்ல ரீமேப் அல்ல. எரியாத டீசல் கரியாகி அதே தகடுகளில் போய் உட்காரும். டர்போவுக்கு முன்னால் புகையின் சூடு தொடர்ந்து 700 டிகிரியைத் தாண்டக் கூடாது, அதைப் பார்க்க ஒரு இஜிடி கேஜ் போட்டுக்கொள்ளுங்கள். வாரண்டி இருக்கும் வண்டியில் இதில் இறங்க வேண்டாம்.

பெரிய டர்போ கேட்கவே வேண்டாம். அது மேல் ஆர்பிஎம்மில் அதிகம் தரும், கீழே இன்னும் தாமதமாக எழும்பும்; நீங்கள் தேடுவதற்கு நேர் எதிர். பெரிய இன்டர்கூலரும் நீண்ட ஏற்றத்தில் முழு லோடு இழுப்பவருக்குத்தான்.

ஓட்டும் விதம்

மைலேஜ் பார்த்து டாப் கியரில் 1200 ஆர்பிஎம்மில் உருட்டும் பழக்கம் லோடு வண்டி ஓட்டுநர்கள் பலருக்கு உண்டு. அங்கிருந்து முழுதாக மிதித்தால் வருவது கரியும் நடுக்கமும்தான். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையில் ஏறும்போது கவனியுங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்து, திரும்பும்போதே ஆர்பிஎம்மை 1800-க்குக் கீழே விடாமல் பிடித்தால், நிமிர்ந்ததும் டர்போ தயாராக இருக்கும். வளைந்து முடித்த பிறகு கியர் தேடினால் தண்டின் வேகம் இறங்கியிருக்கும், மறுபடி முதலிலிருந்து எழும்ப வேண்டும். பெடலையும் ஒரே உதையாக மிதிக்காமல், கால்வாசி கொடுத்து ஒரு கணம் விட்டு அழுத்துங்கள். ஈசியு தகடுகளை நெருக்கிக்கொள்ள அந்த நேரம் போதும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, டர்போவுக்குள் இருக்கும் ஆயில் சூடு இறங்கிய பிறகு அணையுங்கள்.